சோத்துக்கைக்கும் எட்டுதான்

கம்பி தலைக்கு மேலே போகத்தான் செய்தது. ஆனால் கோணலாகப் போனது. வலது முனை பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுகிறவனைப் போல முந்திக்கொண்டு ஏறியது; இடது முனை செருப்பைத் தேடிவிட்டு ஆற அமர வந்தது. கம்பியின் நடுவில் கட்டியிருந்த ரசமட்டத்தில் குமிழி வழுக்கிக்கொண்டு போய் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"மூணாவதுலயே சாஞ்சிடுச்சு. இறக்குங்க, போதும்," என்றாள் டாக்டரம்மா.

"ஏன் போதும்? இன்னும் முப்பது தூக்குவேன், பாக்குறீங்களா?"

"முப்பது வேணாங்க. மட்டமா பத்து வேணும்."

அவள் தாளில் ஏதோ எழுதினாள். அவனுக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. இந்தக் கொட்டகையில் அவன் தூக்காத சாமான் உண்டா? வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருஷம். எத்தனை பீரோ, எத்தனை கட்டில், எத்தனை துணி துவைக்கும் மெஷின். ஒரு பொருளாவது "ஐயா, என்னைக் கோணலாகத் தூக்குகிறாய்" என்று புகார் சொன்னதுண்டா?

கொட்டகையில் எல்லோரும் அவனைச் சோத்துக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அவனோடு சுமக்கிறவன் அவன் மனைவியின் தம்பி. அவனுக்கு நொட்டாங்கை என்று பேர். பிறவியிலேயே இடது கைக்காரன். இரண்டு பேரும் ஒரு ஜோடி. கனமான சாமானுக்கு அடியில் அகலமான துணிப்பட்டையைக் கொடுத்து, அதன் ஒரு முனையை இடப்பக்கம் நின்று சோத்துக்கை தன் வலது கையில் சுற்றிக்கொள்வான். மறு முனையை வலப்பக்கம் நின்று நொட்டாங்கை தன் இடது கையில் சுற்றிக்கொள்வான். இரண்டு நல்ல கைகளும் சாமான் பக்கம். இரண்டு சோப்ளாங்கிக் கைகளும் வெளியே. ஒருநாள்கூடப் பக்கம் மாறியதில்லை. லாரியில் உட்கார்ந்தாலும் தெருவில் நடந்தாலும் அதே பக்கம்தான். மாறி நின்றால் பல் விளக்காமல் வெளியே வந்துவிட்டதைப் போல இருக்கும்.

சுமக்கும்போது அவர்களுக்குள் இரண்டே வார்த்தைதான். படிக்கட்டு திரும்புகிற இடத்தில், உள்பக்கம் நிற்கிறவன் அசையாமல் நின்று "என்கிட்ட" என்பான். அப்போது பாரத்தில் முக்கால்வாசி அவன் கையில் இறங்கிவிடும். வெளிப்பக்கம் போகிறவன் சுற்றி வந்து காலை ஊன்றியதும் "வந்துட்டேன்" என்பான். அதைக் கேட்காமல் அடுத்த படியில் யாரும் கால் வைக்கக் கூடாது. இதற்கு மேல் பேசுகிறவனுக்கு மூச்சு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அவன் சரியாகச் சுமக்கவில்லை என்று அர்த்தம்.

போன மழைக்கு வேறொரு ஜோடி பீரோவோடு படியில் உருண்டுவிட்டார்கள். ஒருவனுக்கு முதுகு போயிற்று. அதற்கு அப்புறம்தான் இந்த டாக்டரம்மா வந்தாள். ஒரே பக்கமாய் இழுத்து இழுத்துத்தான் முதுகு கெடுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். இனிமேல் சுமக்கிறவர்கள் எல்லோரும் கம்பியை மார்பிலிருந்து தலைக்கு மேல் பத்து முறை தூக்க வேண்டும். குமிழி இரண்டு கறுப்புக் கோட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். தவறினால் சாமான் கட்டுகிற மேசைக்குப் போக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவையாக இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு. மூன்றாவதும் தவறினால் மேசையிலேயே நிரந்தரம்.

அவனுக்கு அடுத்து நொட்டாங்கை போனான். பத்து முறை தூக்கினான். குமிழி சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையைப் போல நடுவில் உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்ததும் சோத்துக்கை அவன் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"நீ எப்படிடா தேறின? உன் வலது கை ஒரு காசுக்கு ஆகாதே!"

"மாமா, கத்தரிக்கோல் உங்க கைக்குச் செஞ்சது. பூட்டு, குழாய், கதவுப் பிடி எல்லாம் உங்க கைக்குச் செஞ்சது. பொறந்ததுலேருந்து என் வலது கைக்கும் வேலை இருந்துக்கிட்டேதான் இருக்கு. உங்க இடது கைதான் மாமனார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி சும்மாவே உக்காந்திருச்சு."

"மருமகனைப் பத்தி நீ பேசாத."

"சரி, பேசல. ஆனா ஒரு மாசம் எனக்கு வேற ஜோடி போடுவாங்களே மாமா. அதை நினைச்சாத்தான்."

அதை நினைக்கத்தான் சோத்துக்கைக்கும் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் நொட்டாங்கை தாடி என்கிற ஆளோடு லாரியில் ஏறினான். லாரியில் தன் இடத்தில், தன் பக்கத்தில் அந்தத் தாடி உட்கார்ந்திருப்பதைச் சோத்துக்கை கட்டுமேசையிலிருந்து பார்த்தான். இவன் கையில் ஒரு பீங்கான் கோப்பை இருந்தது. அதை மடியில் வைத்துப் பழைய பேப்பரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

மேசையில் வேலை பார்க்கிற அக்கா அறுபது கோப்பை சுற்றுகிற நேரத்தில் அவன் பன்னிரண்டு சுற்றினான். அதில் இரண்டு விரிசல்.

"தம்பி, அது கோப்பை. கோழி இல்ல. கழுத்தைத் திருகாதீங்க," என்றாள் அக்கா.

டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்திருந்தாள். அவன் நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவன். அதனால் தாளை யாரிடமும் கொடுக்காமல், வாசல்படியில் உட்கார்ந்து விரலை வைத்து வைத்துத் தானே படித்தான். பலவீனமான கையில் தொடங்கவும். ஒவ்வொரு கையாலும் தனித்தனியாகத் தூக்கவும். இதுவரை அவனுக்குச் சம்மதம். அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது. இடது கை எத்தனை தூக்கியதோ, வலது கையும் அத்தனைதான் தூக்க வேண்டும். ஒன்றுகூட அதிகம் கூடாது.

இன்னொரு தடவை படித்தான். எழுத்து தப்பவில்லை. அப்படித்தான் இருந்தது.

"இதைக் கேட்டியா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். "என் இடது கை எட்டு தூக்குது. அதுக்காக, முப்பது தூக்குற கையை எட்டோட நிறுத்தணுமாம்! நல்லாப் படிக்கிற பிள்ளையை, பக்கத்துல இருக்கிறவன் ஃபெயிலுங்கிறதுக்காக ஃபெயிலாக்குற மாதிரி!"

அவன் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க ஈரப் போர்வைகளை முறுக்கிப் பிழிகிறவள். "எழுதிக் குடுத்தவங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

அவனுக்குத் தெரிந்தது இதுதான்: வலது கைக்கு எட்டு கொடுப்பது நல்லது என்றால், ஒன்றுமே கொடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது. அன்றிலிருந்து வலது கைக்குப் பட்டினி. அதை இடுப்புப் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டான். பெயிண்ட் டப்பா ஒன்றில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் இடது கையால் தூக்கினான். தண்ணீர்க் குடம் இடது கை. சவரம் இடது கை. தாடையில் மூன்று இடத்தில் பிளாஸ்திரி. இடது கையால் பூட்டைத் திறக்கப் போய்ச் சாவியை உடைத்தான். இடது கையால் டீ ஊற்றினான். டீ கோப்பையைத் தவிர எல்லா இடத்திலும் இருந்தது.

"என்னங்க, நீங்க கையைப் பழக்குறீங்களா, என் வீட்டைக் காலி பண்றீங்களா?"

"ஒரு மாசம் பொறுத்துக்க."

"ஒரு மாசத்துல வீட்டுல ஒரு கோப்பை இருக்காது. மேசையில உடைக்கிறது பத்தாதா?"

பக்கத்து வீடுதான் நொட்டாங்கையின் வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். சாயங்காலம் ஆனால் அவன் அக்கா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து தாடியைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் போவான்.

"அவன் வந்துட்டேன்னே சொல்லமாட்டேங்கிறான் மாமா. நான் திருப்பத்துல பாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நிக்கிறேன், நின்னுக்கிட்டே இருக்கேன். அவன் எப்பவோ வந்து ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கான்."

"திட்ட வேண்டியதுதானே?"

"திட்டினா, 'நீதானே கைதேர்ந்த ஆளு'ங்கிறான்."

பேசும்போது அவன் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அக்காக்காரி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். சோத்துக்கை அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மணல் டப்பாவைத் தூக்கப் போய்விட்டான். அவன் கவலை அவனுக்கு.

இரண்டாவது பரீட்சை வந்தது. இடது கையில் தனியாகவே இப்போது பதினெட்டு தூக்குகிறான். கம்பியைப் பிடித்தபோது டாக்டரம்மாவைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான்.

கம்பி மேலே போனது. இடது முனை முந்திக்கொண்டு போனது! ஒரு மாதமாக "நீதான், நீதான்" என்று விரட்டி விரட்டி, அது இப்போது யாருக்கும் காத்திருக்காமல் ஓடியது. ஒரு மாதமாகப் பெல்ட்டுக்குள் தூங்கிய வலது கை திருதிருவென்று முழித்துக்கொண்டு பின்னால் வந்தது. குமிழி இந்த முறை இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"எத்தனை?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாலு. போன தடவையைவிட ஒண்ணு கூட," என்றாள் டாக்டரம்மா. ஆறுதல் சொல்கிறாளாம். "தாளில எழுதின மாதிரி செஞ்சீங்களா?"

"அதைவிட நல்லாவே செஞ்சேன்."

"அதான் தெரியுது."

வீட்டுக்கு வந்தவன் டப்பாவை எட்டி உதைத்தான். மணல் நிரம்பிய டப்பா நகரவில்லை, கால்விரல்தான் நகர்ந்தது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு கத்தினான்: "வலது கை போனாலும் தப்பு! இடது கை போனாலும் தப்பு! மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?"

மனைவி தாளை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். "அந்த மூணாவது வரியை மறுபடி படிங்க. சத்தமா."

படித்தான். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையைப் போல, வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் படித்தான்.

"இன்னையிலேருந்து நான் எண்ணுவேன்," என்றாள் அவள்.

இரண்டு டப்பாக்கள். இரண்டையும் அவளே மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் சும்மா கையால் தூக்கிப் பார்த்து "சரிதான்" என்று சொன்ன இரண்டுக்கும் முக்கால் கிலோ வித்தியாசம் இருந்தது. அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டான். சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டே எண்ணுவாள். எண்ணிக்கை கண்டபடி கிடையாது. மேலே போகும்போது மூன்று எண்ண வேண்டும், கீழே வரும்போது மூன்று எண்ண வேண்டும். அப்படி மெதுவாகத் தூக்கினால் இடது கையின் பதினெட்டு எங்கேயோ ஓடிப்போயிற்று. எட்டுக்கு மேல் ஏறவில்லை. அதுவரை தூக்கியதெல்லாம் கை தூக்கியதில்லை, உடம்பை ஆட்டி வீசி எறிந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எட்டு. போதும். இப்ப சோத்துக்கை."

வலது கை எட்டைச் சாப்பிட்டுவிட்டு இலையை வழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எட்டு. போதும்."

"இன்னும் ரெண்டு. ரெண்டே ரெண்டு."

"வைங்க கீழே."

"அரிக்குதுடி கை!"

"சொறிஞ்சுக்கங்க."

இது தினமும் நடந்தது. இருபத்தைந்து வருஷத்துக் குடும்பத்தில் அவர்கள் இவ்வளவு சண்டை போட்டதில்லை. பசியோடு பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி ஒவ்வொரு நாளும் வலது கை அவனை முறைத்தது. கிண்ணத்தைக் கழுவக் கொடுத்தால் ஆத்திரத்தில் நெளித்துவிடும். எட்டு ஒன்பதாக நான்கு நாள் ஆயிற்று. ஒன்பது பத்தாக ஒரு வாரம். அங்கே கட்டுமேசையில் அவன் ஒரு மணி நேரத்தில் நாற்பது கோப்பை சுற்றினான், ஒன்றுகூட உடையவில்லை. "தம்பி இங்கேயே இருந்துடுங்களேன்," என்று அக்கா உண்மையாகவே சொன்னாள். அதைக் கேட்டதும் அவன் லாரி நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பரீட்சைக்கு இன்னும் ஐந்து நாள். துடைப்பக் கம்பை உருவி இரண்டு முனையிலும் டப்பாக்களை மாட்டித் தூக்கிப் பார்த்தான். பலம் இரண்டு கையிலும் வந்துவிட்டது. ஆனால் வழக்கம் விடுமா? வலது கை மறுபடியும் முதல் ஆளாய்க் கிளம்பியது. மனைவி கண்ணாலேயே மட்டம் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"வலது பக்கம் தூக்கல்."

இறக்கினான். தூக்கினான்.

"இன்னும் தூக்கல்."

"என்னதான்டி செய்யச் சொல்ற!"

"முந்தாதீங்கன்னு சொல்றேன். நீங்க முந்துறீங்க."

"நானா முந்துறேன்? அது மெதுவா வருது!"

மறுபடி கம்பை மார்புக்குக் கொண்டுவந்தான். வலது கை ஓடத் துடித்தது. அதை அப்படியே முகவாய்க்கு நேராக இறுக்கி நிறுத்தினான். இடது கை இன்னும் கீழே எங்கேயோ கிடந்தது. அவனுக்கு வந்த கோபத்தில், படிக்கட்டில் கத்துகிற குரலிலேயே அதைப் பார்த்துக் கத்தினான்:

"வந்துட்டியா இல்லையாடா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பழக்கதோஷத்தில், நொட்டாங்கையின் குரல் வந்தது:

"வந்துட்டேன் மாமா!"

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் இரண்டு தோளும் சேர்ந்தாற்போல எழுந்தன. பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தானே உடம்பு படியேறியிருக்கிறது. கம்பு ஆடாமல் தலைக்கு மேலே போய் நின்றது. மனைவி கையிலிருந்த போர்வையை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மட்டம்," என்றாள்.

சுவருக்கு அப்பாலிருந்து மறுபடியும் குரல்: "மாமா, என்னைக் கூப்பிட்டீங்களா? வரட்டுமா?"

"நீ வர வேணாம்! அங்கேயே இருந்து சொல்லிக்கிட்டு இரு!"

மூன்றாவது பரீட்சையன்று சுவரும் இல்லை, நொட்டாங்கையும் இல்லை. தாடியோடு எங்கேயோ பீரோ இறக்கப் போயிருந்தான். சோத்துக்கையே தனக்குள் முணுமுணுத்துக்கொண்டான். வலது கையை நிறுத்தினான். "என்கிட்ட." இடது கை வந்து சேர்ந்தது. "வந்துட்டேன்." பிறகுதான் மேலே. ஏழாவதில் குமிழி கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பத்தாவதை இறக்கும்போது இடது தோள் வெந்துகொண்டிருந்தது; வலது கைக்கு வியர்க்கக்கூட இல்லை.

"பத்து," என்றாள் டாக்டரம்மா. "யாருகூடப் பேசிக்கிட்டே தூக்கினீங்க?"

"என் மச்சான்கூட."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை லாரியில் தன் இடத்தில், தன் பக்கத்தில் உட்கார்ந்தான். நொட்டாங்கை தோளால் ஒரு இடி இடித்தான். வேலை ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தில். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு இரும்புப் பீரோ மேலே போக வேண்டும். படிக்கட்டு அகலம்தான். ஆனால் ஏறும்போது வலப்பக்கமாகத் திரும்புகிற படிக்கட்டு. அதாவது ஒவ்வொரு திருப்பத்திலும் உள்பக்கம் நிற்பவன் நொட்டாங்கை. ஒவ்வொரு திருப்பத்திலும் பாரம் அவன் இடது கைக்கு.

முதல் திருப்பத்தில் "என்கிட்ட" என்றான். குரல் சரியாக இருந்தது. இரண்டாவதில் குரல் மூக்கு வழியாக வந்தது. சோத்துக்கை சுற்றி வந்து "வந்துட்டேன்" என்றான். பீரோ நகரவில்லை.

"வந்துட்டேன்னு சொன்னேன்டா."

"இறக்கு மாமா. பட்டை வழுக்குது."

இறக்கினார்கள். பட்டையைப் பார்த்தால் சொரசொரவென்று புதுப் பட்டை. சோத்துக்கைக்கு எரிச்சல் மூண்டது. இரண்டு மாதம் கோப்பை சுற்றி, தாடையைக் கிழித்து, கட்டியவளோடு தினமும் மல்லுக்கட்டி, எல்லாம் இந்தப் படிக்கட்டுக்குத் திரும்பி வரத்தானே. வந்த முதல் நாளே பட்டையாம், வழுக்குதாம்.

"பட்டையா வழுக்குது? கொண்டா, பாக்கலாம்."

"செருப்பும்தான் மாமா. தரையும் ஒரு மாதிரி இருக்கு."

"அப்புறம்? வெயில் கண்ணுல அடிக்குதா?"

நொட்டாங்கை சுவரைப் பார்த்தான். இடது கையைத் தொங்கவிடாமல், சட்டைப் பித்தானுக்கு நடுவில் கட்டைவிரலைச் செருகி வைத்திருந்தான். தாடி வேடிக்கை பார்த்த ஒவ்வொரு ஜன்னலும் அந்தத் தோளில் இருந்தது.

"இந்த ரெண்டு மாடிக்கு மட்டும்," என்றான் நொட்டாங்கை, சுவரிடமே. "பக்கம் மாத்திக்கலாமா?"

பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சோத்துக்கை தன்னால் முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அப்படிச் சொல்லவும் வழியில்லை. ரசமட்டம் வைத்து டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளே.

"இதைக் கீழேயே சொல்றதுக்கு என்னடா? ரெண்டு மாடி ஏறி வந்துதான் வாய் திறக்கணுமா?"

"கீழே வலிக்கல மாமா."

"பொய் சொல்லாத. உங்க அக்கா ரெண்டு மாசமா வெந்நீர் வச்சுக் குடுக்குறா, நான் குருடனா?"

பக்கம் மாறப் போனார்கள். இரண்டு பேரும் ஒரே பக்கமாக ஒதுங்கி முட்டிக்கொண்டார்கள். மறுபடி ஒதுங்கினார்கள், மறுபடி முட்டினார்கள். "நில்லுடா! நீ நில்லு, நான் போறேன்," என்று சோத்துக்கை அவனைச் சுவரோடு ஒட்ட வைத்துவிட்டுச் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றான். பீரோவின் அந்த முகத்தை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. பட்டையை இடது கையில் சுற்றினான். வேறொருவன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

தூக்கினார்கள். நான்கு படி. ஆறு படி. எட்டாவது படியில் தோள் சூடேறியது. வெளியே சும்மா இருந்த வலது கை, "நான் வரட்டுமா, நான் வரட்டுமா" என்று பரபரத்தது. பேசாமல் இரு என்று அதை அடக்கினான். பதினொன்றாவது படியில் திருப்பம். உள்பக்கம் இப்போது அவன்.

"என்கிட்ட," என்றான்.

பாரம் வந்து இடது கையில் உட்கார்ந்தது. விரல் நுனியிலிருந்து கழுத்துவரை ஒரு நரம்பு விடாமல் கூப்பிட்டு எழுப்பியது. கை விடவில்லை. அவன் மனசுக்குள் மனைவியின் குரல் மூன்று எண்ணியது, மறுபடியும் மூன்று எண்ணியது. நொட்டாங்கை பழக்கமில்லாத வெளிப்பக்கத்தில், பெண் பார்க்க வந்தவனைப் போல ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"டேய்," என்றான் சோத்துக்கை, பல்லுக்கு நடுவால். "அங்கேயே குடித்தனம் வைக்கப் போறியா? சீக்கிரம் வந்து தொலைடா!"